ஒரு பென்னியும் பொன்னுலகங்களும்

கூட்டு வட்டிக் கணக்குச் செய்யாமல் பள்ளிக்கூடத்தைக் கடந்து வந்தவர் நம்மிலே அரியர். நூறு பவுணை நூற்றுக்கு ஐந்து வீத வட்டிக்கு இட்டால் முதலாண்டின் முடிவில் 105 பவுண். மறு ஆண்டு, முதலுக்கு மட்டுமன்றி முந்திய வட்டிக்கும் வட்டி ஏறுகிறது. தொகை 110¼ பவுண் ஆகிறது. தனி வட்டியில் அது 110. வேறுபாடு கால் பவுண்தான், யாரும் பொருட்படுத்தார். ஆனால் நூறாண்டு கழிந்தபின் தனி வட்டியில் நிற்பது 600 பவுண். கூட்டு வட்டியில் நிற்பது 13,150 பவுண்! முன்னது ஆண்டுதோறும் ஐந்து பவுணைக் கூட்டிக்கொண்டு போகிறது. பின்னது ஆண்டுதோறும் 1.05 ஆற் பெருக்கிக்கொண்டு போகிறது. இரகசியம் இவ்வளவே.

கணக்கிற் பிழையில்லை. ஆயினும், வளர்ந்த அப்பணம் எங்கிருந்து வந்தது, யார் கொடுத்தது என்பதைக் கணக்கு கூறுவதில்லை. அந்தக் கேள்வியைக் கேட்க மறந்த ஓர் அரசாங்கத்தின் வரலாற்றை நாம் அறிந்திருப்பது நன்று.

பதினெட்டாம் நூற்றாண்டின் இங்கிலாந்தில் வாழ்ந்தவர் றிச்சட் பிறைஸ். வேல்ஸ் நாட்டிற் பிறந்த சமய போதகர். சிறந்த கணித வல்லுநர். அமெரிக்க விடுதலையை ஆதரித்தவர். 1789இல் பிரெஞ்சுப் புரட்சியை மனமார வரவேற்றவர். பிற்போக்காளர் என்று அவரைத் தள்ளிவிட முடியாது. தேசியக் கடன் பற்றி 1772இல் அவர் ஒரு பிரசுரம் வெளியிட்டார். இயேசு பிறந்த காலத்தில் ஒரு பென்னியை ஐந்து வீதக் கூட்டு வட்டிக்கு இட்டிருந்தால், அது தம் காலத்துக்குள் முழுவதும் பொன்னாலான பதினைந்து கோடிப் பூமிகளுக்கு மேற்பட்ட பெறுமதியாய்ப் பெருகியிருக்கும் என்று அதில் அவர் கணித்தார். தனி வட்டிக்கு இட்டிருந்தாலோ ஏழு ஷில்லிங்கும் நாலரைப் பென்சுமே கிடைத்திருக்கும்!

அரசாங்கம் தனி வட்டிக்குக் கடன்படுகிறது. ஆதலால் ஒரு சிறு நிதியைக் கூட்டு வட்டியில் வளரவிட்டால் எவ்வளவு பெரிய கடனையும் அது விழுங்கிவிடும் என்பது பிறைஸின் வாதம். அந்நாளில் பிரித்தானியாவின் தலைமீது அமெரிக்கப் போர் ஏற்றிவைத்த சுமையும் சேர்ந்து ஏறத்தாழ 24 கோடிப் பவுண் கடன் இருந்தது. இளைய வில்லியம் பிற் பிரதமராயிருந்தபோது 1786இல் பாராளுமன்றம் கடன் தீர்ப்பு நிதியை நிறுவியது. ஆண்டுக்குப் பத்து இலட்சம் பவுண் ஆணையாளரிடம் ஒப்படைக்கப்படும். அவர்கள் அரசாங்கக் கடன் பத்திரங்களை வாங்குவர். வாங்கியவற்றை அழித்துவிடாது, அவற்றுக்குரிய வட்டியையும் திறைசேரியிடமிருந்து பெற்று மேலும் பத்திரம் வாங்குவர். நிதி தானாகவே வளரும் என்று நம்பினர்.

அது தானாக வளர்ந்ததா? வட்டியைக் கொடுத்த திறைசேரி அப்பணத்தை எங்கே பெற்றது? மக்களின் வரியிலே பெற்றது. வலது கைப் பணத்தை இடது கைக்கு மாற்றி, அதற்கு வளர்ச்சி என்று பெயரிட்டனர். 1793இல் பிரான்சுடன் போர் மூண்டது. வருமானம் செலவுக்குப் போதவில்லை. அப்பொழுதும் நிதிக்குரிய தொகை தவறாது செலுத்தப்பட்டது. அதற்காகப் புதுக் கடன் வாங்கப்பட்டது! பழைய கடனைத் தீர்க்க அதனிலும் பாதகமான நிபந்தனைகளிற் புதுக் கடன் வாங்கும் விந்தை ஆண்டுக்கணக்காகத் தொடர்ந்தது. போர் முடிந்த 1815இல் கடன் 80 கோடிப் பவுணைத் தாண்டி நின்றது.

வருமானம் செலவை விஞ்சி மிகுந்தாலன்றிக் கடன் குறையாது என்னும் எளிய உண்மையை அபர்டீன் பேராசிரியர் றொபேட் ஹமில்டன் 1813இல் எடுத்துக்காட்டினார். 1829இல் அந்த முறை கைவிடப்பட்டது. ஆனால் கடன் கைவிடவில்லை. செல்வர்மீது விழுந்த வருமான வரி 1816இல் நீக்கப்பட்டது. ஏழை வாங்கும் பொருள்மீதிருந்த தீர்வைகளோ நீடித்தன. மெழுகுவர்த்தித் தீர்வை 1831 வரையும் சவர்க்காரத் தீர்வை 1853 வரையும் இருந்தன. பத்திரம் வைத்திருந்தவனின் வட்டி, குடிசையில் எரிந்த திரியிலிருந்தும் வந்தது.

மூலதனம் நூலின் மூன்றாம் தொகுதியில் மார்க்ஸ் பிறைஸை எள்ளி நகையாடுவது இதனாலேதான். பணத்தைத் தானே தன்னைப் பெருக்கிக்கொள்ளும் எண்ணாகப் பிறைஸ் கண்டார். அதன் பின்னால் நின்ற உழைப்பை அவர் காணவில்லை. வட்டி என்பது உழைப்பு ஈட்டிய உபரியின் ஒரு பங்கு. எண்ணுக்கு எல்லையில்லை, உழைப்பவனின் நாளுக்கோ இருபத்துநான்கு மணி நேரமே உண்டு.

இவ்வெல்லையைப் பண்டைய பாபிலோனியர் உணர்ந்திருந்தனர் எனலாம். அவர்களும் கணக்கறியாதவர் அல்லர். பாரிஸ் லூவர் அரும்பொருளகத்திலுள்ள களிமண் பலகை ஒன்று, இருபது வீத வட்டியில் முதல் இரட்டிப்பாக எவ்வளவு காலம் செல்லும் என்று வினவி, ஏறத்தாழ மூன்று ஆண்டும் ஒன்பதரை மாதமும் என்று விடை காண்கிறது. ஆனால் வெள்ளமோ வறட்சியோ விளைவை அழித்தால் அவ்வாண்டு உழவன் வட்டி செலுத்த வேண்டியதில்லை என்று ஹமுராபியின் சட்டம் விதித்தது. அவன் வழிவந்த அம்மிசதுக்கா, கி.மு. 17ஆம் நூற்றாண்டில், குடிமக்களின் கடன்களைத் தள்ளுபடி செய்து கட்டளை பிறப்பித்தான். வணிகரின் வியாபாரக் கடன்களை மட்டும் விட்டுவைத்தான். இதைக் கருணை என்று மட்டும் கொள்ளலாகாது. கடனுக்கு அடிமையான உழவன் அரசனுக்கு வரியும் தரான், படைக்கும் வாரான். கடன் பெருகும் வேகத்துக்கு வயல் விளையாது என்பதை அனுபவம் அவர்களுக்குக் கற்பித்திருந்தது.

நமது நாடு 2022 ஏப்ரிலில் வெளிநாட்டுக் கடன் தவணைகளைச் செலுத்துவதை நிறுத்தியது. பின்னர் மீட்சி என்ற பெயரில் வரிகள் உயர்ந்தன. 2024 சனவரியில் பெறுமதி சேர் வரி 15இலிருந்து 18 வீதமாயிற்று. செல்வரும் வறியரும் கடையில் ஒரே வீதத்திற் செலுத்தும் வரி இது. அன்றைய சவர்க்காரத் தீர்வையின் கதையை அறிந்தவர்க்கு இது புதிதன்று.

ஆசிரிய நண்பர்களே, கூட்டு வட்டிக் கணக்கை மாணவர்க்குத் திருத்தமாகக் கற்பியுங்கள். அது அவர்களுக்கு வேண்டும். விடை சரியாக வந்தபின் இன்னொரு வினாவையும் கரும்பலகையில் எழுதுங்கள்: இந்தத் தொகையை உழைத்துக் கொடுப்பவர் யார்?