மாத்தளைச் சாலையில் வழிப்போக்கர் அறம்

இலங்கையின் நடுவே, கண்டி மலைத்தொடர் தணிந்து வடக்கிலுள்ள உலர்வலயக் காடுகளோடு சேரும் இடத்தில் மாத்தளை மாவட்டம் அமைந்திருக்கிறது. கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் செல்லும் ஏ9 நெடுஞ்சாலை மாத்தளை நகர், நாலந்தை, நாவுல, தம்புள்ளை என்று இம்மாவட்டத்தை ஊடறுத்தே வடக்கு நோக்கிப் போகிறது. இச்சாலை போடப்படுவதற்கு முன்பும் ஏறத்தாழ இதே தடத்தில் யாத்திரிகரும், உப்பும் கருவாடும் பாக்கும் ஏற்றிய பொதிமாட்டு வணிகரும் நடந்து வந்திருக்கின்றனர். முன்பின் அறியாத ஒருவருக்கு இந்தத் தடத்தில் நிழலும் நீரும் சோறும் கிடைத்த விதம் தனியே ஆராயத் தக்கது. நடந்து களைத்தவர் எதிர்பாராமல் பெற்ற உதவியை அதைச் செய்தவரின் பக்கத்திலிருந்து நோக்கினால், யாரோ ஒருவர் என்றாவது இவ்வழி வருவார் என்று எண்ணி, அவர் இன்னாரென அறியாமலே நாள்தோறும் செய்துவைத்த ஏற்பாடாக அது இருந்தது என்பது விளங்கும்.

கண்டி இராச்சியத்துக் கிராமங்களில் இந்த ஏற்பாட்டின் கண்ணுக்குத் தெரிந்த வடிவம் அம்பலம், அதாவது வழிப்போக்கர் தங்குவதற்கென ஊரார் கூடிக் கட்டிய திறந்த மண்டபம். கல்மேல் நிறுத்திய மரத்தூண்கள், அவற்றைச் சுற்றிலும் இணைக்கும் தாழ்ந்த உத்தரங்கள், மேலே சரிந்த ஒற்றைக் கூரை, இவ்வளவே அதன் அமைப்பு. உத்தரங்களே இருக்கைகளாகவும் பயன்பட்டன. கதவும் பூட்டும் காவலும் பெரும்பாலும் இல்லை. வயல்வெளியின் ஓரத்திலோ பாதைகள் சந்திக்கும் இடத்திலோ அமைந்த இம்மண்டபத்தில் இரவில் பயணிகள் படுத்துறங்கினர்; பகலில் ஊர்ப் பெரியவர்கள் கூடி வழக்குப் பேசினர். ஊரார் தம் பொதுக் காரியங்களுக்காகப் புழங்கிய இடத்தையே அயலாருக்கும் திறந்து விட்டிருந்தார்கள் என்பது கவனிக்க வேண்டிய செய்தியாகும், ஏனெனில் பயணிகளுக்கென்று ஊருக்கு வெளியே ஒதுக்கப்படும் கட்டடத்துக்கும், ஊரின் நடுக்காரியங்கள் நடக்கும் கூரையின் கீழ் அயலானுக்கும் இடம் விடுவதற்கும் வேறுபாடு பெரிது.

அம்பலத்துக்கு அடுத்ததாக, சிங்களத்தில் 'பின்தாலிய' எனப்படும் தண்ணீர்ப் பானையைக் குறிப்பிட வேண்டும். 'பின்' என்பது புண்ணியம். வழியில் போவோர் குடிப்பதற்காக வீட்டு வாசலுக்கு வெளியே, ஒரு தாங்கியின்மேல், மூடியோடும் சிரட்டை அகப்பையோடும் வைக்கப்படும் பானைக்கு இப்பெயர் வழங்கிற்று. பானையை நிரப்பும் வேலை பெரும்பாலும் வீட்டுப் பெண்களுடையதாக இருந்தது. கிணறோ ஓடையோ தொலைவில் இருந்த வீடுகளில் அது இலேசான வேலையும் அல்ல. தண்ணீர் குடிப்பவர் கதவைத் தட்ட வேண்டியதில்லை, தம் பெயரையோ குலத்தையோ சொல்ல வேண்டியதில்லை, நன்றிகூடச் சொல்ல வேண்டியதில்லை. சாதி வேறுபாடு ஆழ வேரோடியிருந்த சமூகத்தில், கொடுப்பவரும் பெறுபவரும் நேருக்கு நேர் சந்திக்கத் தேவையில்லாதபடி அமைந்த இந்த முறை, கேட்டுப் பெறும் தாழ்வைப் பெறுபவருக்கு இல்லாமற் செய்தது. அகப்பையை மேலே தூக்கிப் பிடித்து உதடு படாமல் வாயில் ஊற்றிக் குடிக்கும் வழக்கமும் இதற்குத் துணைநின்றது. சாதியை அது ஒழித்துவிடவில்லை. ஆயினும் தாகத்தோடு நின்றவரைச் சாதி விசாரிக்கும் கணத்தை அது தவிர்த்தது என்று சொல்லலாம்.

இவ்வழக்கங்களின் பழைமைக்குச் சான்று தேடுவோர் முதலில் றொபேட் நொக்ஸிடமே செல்வர். 1660இல் கொட்டியாரக் கரையில் இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்களால் பிடிக்கப்பட்டு, ஏறத்தாழ 19 ஆண்டுகள் கண்டி இராச்சியத்தில் வாழ்ந்த இந்த ஆங்கிலேயர், சில்லறை வணிகம் செய்வதுபோல் வடபகுதிகளில் சுற்றித் திரிந்து வழிகளை அறிந்துகொண்டு, 1679இல் அனுராதபுரத்தின் வழியாக அரிப்புக் கோட்டைக்குத் தப்பிச் சென்றார். 1681இல் இலண்டனில் வெளியான அவருடைய நூல், கண்டி மக்கள் உலை வைக்க அரிசி அளக்கும்போது ஒரு பிடியை ஏழைகளுக்கென எடுத்து ஒதுக்கி வைக்கும் வழக்கத்தைப் பதிவு செய்கிறது. அந்த ஈகை தம் நாட்டவரோடு நின்றுவிடாமல் பிற நாட்டவருக்கும் பிற சமயத்தவருக்கும் நீண்டதையும், கண்டியிலிருந்த முஸ்லிம் பக்கிரிகள் வீடு வீடாகச் சென்று ஒரு பணம் பெறுவதற்கு முன்னாளில் ஓர் அரசன் உரிமை அளித்திருந்ததையும் அது குறிப்பிடுகிறது. மக்களின் குறைகளைக் கடுமையாகவே எழுதத் தயங்காத கைதி ஒருவர் இந்த ஈகையையும் எழுதியிருப்பதால் அச்சான்றின் மதிப்புக் கூடுகிறது. தமிழகத்துப் பிடியரிசி வழக்கத்தை அறிந்த வாசகர்களுக்கு இந்தச் செய்தி அயலாகத் தோன்றாது.

தமிழகத்திலிருந்து இத்தடத்துக்கு வந்த தமிழர்களும் இத்தகைய மரபை உடையவர்களாகவே இருந்தனர். சோழர் காலக் கல்வெட்டுகளில் தண்ணீர்ப்பந்தலுக்கு நிலம் விட்ட செய்திகள் காணப்படுகின்றன. இராமேசுவரம் செல்லும் சேதுச்சாலையில் சேதுபதிகளும், தஞ்சைப் பகுதியில் மராத்திய அரசர்களும் சத்திரங்கள் கட்டி, அவற்றின் செலவுக்கு ஊர்களையே மானியமாக விட்டனர். தலைச்சுமையை இன்னொருவர் துணையின்றி இறக்கி வைக்கவும் திரும்ப ஏற்றிக்கொள்ளவும் உதவும் சுமைதாங்கிக் கல், பிள்ளைப்பேற்றின்போது இறந்த பெண்களின் நினைவாக நடப்பட்டது. எனினும் இந்தச் சத்திர அறம் யாத்திரிகரை முதன்மையாகக் கருதியே வளர்ந்தது என்பதையும், பல சத்திரங்களில் பந்தி சாதி பார்த்தே இடப்பட்டது என்பதையும் மறைக்கக் கூடாது. கோயிலுக்குப் போகிறவனுக்குச் செய்த உதவி புண்ணியமாக எண்ணப்பட்ட அளவுக்கு, பஞ்சம் பிழைக்கப் போகிறவனுக்குச் செய்த உதவி எண்ணப்படவில்லை.

இந்த வேறுபாடு 19ஆம் நூற்றாண்டில் பேரிழப்பாக வெளிப்பட்டது. 1815இல் கண்டி பிரித்தானியர் வசமானபின், 1820களில் தொடங்கி 1830களின் இறுதியில் பெருகிய கோப்பித் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. இராமநாதபுரம், மதுரை, புதுக்கோட்டை, திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர்ப் பகுதிகளிலிருந்து, கங்காணி எனப்பட்ட ஆட்கூட்டுத் தலைவனின் பின்னால், மக்கள் தோணியேறி மன்னார்க் கரையில் இறங்கி, மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை, நாலந்தை வழியாக மாத்தளை வரை ஏறத்தாழ 150 மைல் நடந்தனர். தோட்ட வரலாற்றில் 'வடபாதை' என்று குறிக்கப்படுவது இவ்வழியே. 1844ஆம் ஆண்டில் மட்டும் 70,000க்கும் மேற்பட்டோர் வந்திறங்கினர்; அவர்களில் மிகப் பெரும்பாலோர் ஆண்கள், கோப்பி பறிக்கும் பருவம் முடிந்ததும் ஈட்டிய காசோடு அதே வழியில் ஊர் திரும்பியவர்கள்.

மன்னாருக்கும் தம்புள்ளைக்கும் இடைப்பட்ட பகுதி குடியிருப்புகள் அருகிய காடு. குளங்கள் தூர்ந்தும் கலங்கியும் கிடந்தன. வாந்திபேதியும் பெரியம்மையும் காய்ச்சலும் கூட்டத்தோடு கூட்டமாக நடந்தன. நடக்க முடியாமல் விழுந்தவரைத் தூக்கிச் செல்லக் கூட்டத்துக்கு வலுவில்லாததால், அவர் விழுந்த இடத்திலேயே விடப்பட்டார். 1840களில் இறந்தோர் 70,000 பேர், அதாவது வந்தவர்களில் கால்பங்கினர் என்று 1849இல் கொழும்புப் பத்திரிகை ஒன்று மதிப்பிட்டது. அந்த எண்ணிக்கை மிகையா என்பது குறித்து வரலாற்றாளர் இன்றும் மாறுபடுகின்றனர், ஆனால் சாவு பெருவாரியாக நிகழ்ந்தது என்பதில் மாறுபாடில்லை. ஒரு வீட்டுப் பானை நாளொன்றுக்குப் பத்துப் பேரின் தாகத்தைத் தணிக்கும். நூற்றுக்கணக்கானோர் ஒரே நாளில், நோயையும் சுமந்துகொண்டு வரும்போது அந்த வழக்கம் தாங்காது. வாந்திபேதிக்கு அஞ்சிய ஊரார் விலகி நின்றிருந்தால் அவர்களைக் கல்நெஞ்சர் என்று பழிப்பது முறையாகாது. ஆட்களை வரவழைத்து இலாபம் பெற்றவர்களும், அவர்களுக்கு நிலத்தை விற்ற அரசும் ஏற்க வேண்டிய செலவு, வழியோரத்து ஏழைக் குடும்பங்களின் இரக்கத்தின்மேல் சுமத்தப்பட்டதே இந்தக் கொடுமையின் வேர்.

தம்புள்ளையிலிருந்து மாத்தளை வரையிலான ஏறத்தாழ 45 கிலோமீற்றர் இப்பயணத்தின் கடைசிப் பகுதியாகும். காடு மெல்ல விலகி, வயல்களும் வீடுகளும் நெருங்கி, சுது கங்கையின் நீரும் மலைக்காற்றும் கிடைத்த இப்பகுதியில்தான், அம்பலமும் வாசற்பானையும் உயிரோடிருந்த ஊர்களை நடையாளர்கள் எட்டினர். ஆனால் அவர்கள் அடைந்த மாத்தளையும் அப்போது காயம்பட்ட நாடாகவே இருந்தது. 1840ஆம் ஆண்டின் அரச நில ஆக்கிரமிப்புத் தடைச் சட்டத்தின் வழியாகக் கிராமத்தார் தலைமுறைகளாகப் புழங்கிய காடுகள் அரசுடைமையாகித் தோட்டக்காரர்களுக்கு விற்கப்பட்டிருந்தன. 1848இல் புதிய வரிகளோடு, ஆண்டுக்கு ஆறு நாள் சாலை வேலை செய்ய வேண்டும் அல்லது அதற்கீடாகப் பணம் கட்ட வேண்டும் என்ற சட்டமும் வந்தது. அவ்வாண்டு ஜூலையில் தம்புள்ளை விகாரையில் கொங்காலகொட பண்டா அரசனாக முடிசூட்டப்பட்டதும், மாத்தளையில் கிளர்ச்சி வெடித்ததும், தேசாதிபதி டொரிங்டன் பிரபு இராணுவச் சட்டத்தைப் பிறப்பித்ததும், ஓகஸ்ட் 8ஆம் நாள் கிளர்ச்சித் தலைவர் வீர புரன் அப்பு கண்டியில் சுட்டுக் கொல்லப்பட்டதும் பலரும் அறிந்தவை. இந்தச் சூழலில், தோட்டத்துக்கு வேலைக்கு வந்த அயல்மொழிக்காரரைத் தம் நிலத்தைப் பறித்தவர்களின் ஆளாக ஊரார் நோக்கியிருந்தால் வியப்பதற்கில்லை.

கிளர்ச்சி அடங்கி நான்கே ஆண்டுகள் கழிந்த நிலையில் நடந்த ஒரு கொடையை இந்தப் பின்புலத்தில் வைத்தே மதிப்பிட வேண்டும். மாத்தளை நகரில், வடபாதையின் ஓரத்திலேயே, மரத்தடியில் சிறு சிலை வைத்துத் தமிழர் அம்மனை வழிபட்டு வந்தனர். வயலாக இருந்த அந்த நிலத்தை அதன் உரிமையாளர் 1852இல் கோயிலுக்குக் கொடையாக வழங்கினார் என்பது முத்துமாரியம்மன் கோயிலின் வரலாறு. நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் பொருளுதவியோடு 1874இல் கோயில் எழுந்தது. நெல் விளையும் வயல் கண்டி நாட்டில் எளிதில் விட்டுக்கொடுக்கும் சொத்தன்று. அம்மை முதலிய கொள்ளைநோய்களிலிருந்து காப்பவளாக மாரியம்மனை நம்பியவர்களோ, அந்நோய்கள் சூழ்ந்த காட்டைக் கடந்து உயிரோடு வந்து சேர்ந்தவர்கள். வடபாதையின் முடிவிடத்தில் அவர்களுக்கு வாய்த்த அந்தத் துண்டு நிலம், தோட்டத்துக்கு வெளியே, துரைக்கும் கங்காணிக்கும் உரிமையில்லாத இடமாக இருந்தது. இலங்கை மலையகத் தமிழர் வரலாற்றில் இக்கொடைக்கு இன்னும் பெரிய இடம் அளிக்கப்பட்டிருக்க வேண்டும்.

அரசின் உதவி தாமதமாகவே வந்தது. 1858இல் தேசாதிபதி சேர் ஹென்றி வார்ட் காலத்தில் குடிவரவுத் தொழிலாளருக்கென ஒரு சட்டம் இயற்றப்பட்டு, அதன்பின் வழிநெடுகத் தங்கு கொட்டகைகளும் கிணறுகளும் அமைக்கப்பட்டன. 1880இல் கண்டியிலிருந்து மாத்தளைக்கு இரயில் பாதை வந்தது. இலைநோயால் கோப்பி அழிந்து தேயிலை பரவியது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொற்றுநோய் அச்சத்தால் வடபாதை தொழிலாளருக்கு மூடப்பட்டது. நடை குறைந்த இடத்தில் அம்பலத்தின் தேவையும் குறைந்தது. குழாய்நீரும் பேருந்தும் வந்தபின் வாசற்பானைகளும் அரிதாயின.

அயலாரிடத்துக் காட்டிய அன்பின் வரலாறு அயலாரிடத்துக் காட்டிய வன்மத்தின் வரலாற்றை அழித்துவிடுவதில்லை. 1983 ஜூலையில் தமிழருக்கெதிராக நடந்த வன்முறையில் முத்துமாரியம்மன் கோயிலும் தாக்கப்பட்டது. அதே நாள்களில் நாட்டின் பல பகுதிகளில் தமிழரைத் தம் வீடுகளில் ஒளித்து வைத்துக் காத்த சிங்களக் குடும்பங்களும் முஸ்லிம் குடும்பங்களும் இருந்தன. கோயில் பின்னர் மீண்டும் கட்டப்பட்டு, அதன் இராஜகோபுரம் 108 அடி உயரத்துக்கு எழுப்பப்பட்டது. மாசித் திருவிழாவில் ஐந்து தேர்கள் நகர வீதிகளில் உலா வருகின்றன.

வழிப்போக்கர் அறத்தின் இன்றைய உயிருள்ள வடிவம் தன்சல், அதாவது வெசாக், பொசன் பௌர்ணமி நாள்களை ஒட்டிச் சாலையோரத்தில் பந்தலிட்டு வருவோர் அனைவருக்கும் இலவசமாக உணவோ பானமோ வழங்கும் வழக்கம். மகிந்த தேரரின் வருகையை நினைவுகூரும் பொசனில், மலைநாட்டு யாத்திரிகர் மிகிந்தலைக்கும் அனுராதபுரத்துக்கும் செல்லும்போது, ஒரு காலத்தில் தோட்டத் தொழிலாளர் தெற்கு நோக்கி நடந்த அதே சாலையில் வடக்கு நோக்கிப் போகின்றனர். இளைஞர்கள் சாலையில் நின்று கொடியசைத்து வாகனங்களை மறித்து, உள்ளே இருப்பவர் யாரென்று பாராமல் சோற்றுக்கோ, அவித்த மரவள்ளிக்கிழங்குக்கோ, ஒரு குவளை பெலிமல் (வில்வப்பூ) பானத்துக்கோ அழைக்கின்றனர். இதற்கான அரிசி வாரக்கணக்கில் வீடு வீடாகச் சேர்க்கப்படுகிறது. பந்தலை நடத்துவோர் சுகாதார மருத்துவ அதிகாரி அலுவலகத்தில் முன்கூட்டியே பதிவு செய்து, பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் பார்வைக்கு உட்பட்டே சமைக்கின்றனர். நொக்ஸ் கண்ட பிடியரிசி அடுக்களையில் தனித்தனியே ஒதுக்கப்பட்டது. தன்சலில் அது ஊர்கூடிய ஏற்பாடாகி, வரிசையில் நிற்கும் தோட்டத் தமிழருக்கும் முஸ்லிம் வாகன ஓட்டுநருக்கும் கண்டி யாத்திரிகருக்கும் ஒரே அகப்பையால் பரிமாறப்படுகிறது.