லேயர் கோப்பிலிருந்து ஐகான் வரை

ஐகான் ஆக்கம் என்பது, பல லேயர்களாக வரைந்து வைத்த மூலப் படக்கோப்பிலிருந்து இரண்டு வகைச் சின்னங்களை எடுத்துத் தரும் வேலை. ஒன்று, கணினித் திரையில் ஒரு செயலியைக் குறிக்கும் ஐகான். மற்றது, உலாவியின் தாவலில் ஓர் இணையதளத்தைக் குறிக்கும் ஃபேவிகான். மூலக்கோப்பு பெரும்பாலும் ஃபோட்டோஷாப்பின் பி.எஸ்.டி.யாக இருக்கும். அதிலிருந்து விண்டோஸுக்கு ஐ.சி.ஓ., மேக் கணினிக்கு ஐ.சி.என்.எஸ்., இணையதளத்துக்கு பி.என்.ஜி. அல்லது எஸ்.வி.ஜி. தேவைப்படும்.

செங்கல்பட்டு மாவட்டத்தில் சிறுசேரி சிப்காட் பூங்காவிலும், கூடுவாஞ்சேரியை ஒட்டிய ஜோஹோ நிறுவன வளாகத்திலும் இது அன்றாட வேலை. மின்னஞ்சலுக்கு ஒன்று, கட்டுரை எழுத ஒன்று, கணக்குப் போட ஒன்று என்று செயலிகளை அடுக்கும் நிறுவனத்துக்கு, பத்துத் தாவல்களைத் திறந்து வைத்திருப்பவர் எது எதுவென்று கண்டுகொள்ளத் தாவல் மூலையில் இருக்கும் அந்தச் சிறு சதுரம்தான் வழி. கிழக்குக் கடற்கரைச் சாலை விடுதிக்கும் மாமல்லபுரத்துச் சிற்பக்கூடத்துக்கும்கூட அது வேண்டும். “லோகோவைச் சின்னதாக்கிப் போட்டுடுங்க” என்பார் வாடிக்கையாளர். சின்னதாக்க ஒரு நொடி போதும். எதை விடுவது என்று முடிவெடுப்பதில்தான் முக்கால்வாசி நேரம் போகிறது.

திரைச் சின்னங்களின் வரலாறு 1970களில் தொடங்குகிறது. ஸ்டான்ஃபோர்டில் டேவிட் கேன்ஃபீல்ட் ஸ்மித் 1975-இல் தம் ஆய்வேட்டில் இந்தக் கருத்தை முன்வைத்தார். 1981-இல் வெளிவந்த ஜெராக்ஸ் ஸ்டார் கணினியில் கோப்பும் உறையும் அஞ்சல் பெட்டியும் படங்களாகத் திரையில் ஏறின. 1984-இன் மேகின்டாஷுக்கு சூசன் கேர் கட்டம் போட்ட தாளில் கட்டத்துக்கு ஒரு புள்ளி வைத்துச் சின்னங்களை வரைந்தார். 32-க்கு 32, மொத்தம் 1,024 புள்ளிகள், கறுப்பும் வெள்ளையும் மட்டும். மூலப்படம், பிறகு அதைச் சுருக்குவது என்ற இரண்டு கட்டங்களே அப்போது கிடையாது; வரையும்போதே அதுதான் அளவு.

விண்டோஸ் 1985-இல் ஐ.சி.ஓ. கோப்பைக் கொண்டுவந்தது. அதன் நிலைபெற்ற வடிவில் ஒரே கோப்புக்குள் பல அளவுப் படங்களை வைக்கலாம்; இடத்துக்கு ஏற்ற அளவை இயங்குதளமே எடுத்துக்கொள்ளும். முதல் 6 பைட்டில் தலைப்பு, ஒவ்வொரு படத்துக்கும் 16 பைட்டில் ஒரு குறிப்பு, பின்னர் படங்கள். அகலத்தைக் குறிக்க ஒரே ஒரு பைட் ஒதுக்கியதால் 255-க்கு மேல் எழுத வழியில்லை. பின்னாளில் விண்டோஸ் 95 வந்தபோது, அகலம் 0 என்று இருந்தால் அதை 256 என்று படிக்க வேண்டும் என்று ஒரு சமாதானம் செய்துகொண்டார்கள். இன்றும், ஒரு வகைக் கோப்பை இன்னொரு வகையாக்கும் மாற்றி நிரல் எழுதப் பழகுகிறவர்களைத் தடுக்கிவிடும் இடம் இது. 32 பிட் நிறத்தில் ஒரேயொரு 16×16 படம் மட்டும் கொண்ட ஐ.சி.ஓ. கோப்பு சரியாக 1,150 பைட் பிடிக்கும். ஆனால் பல அளவுகளை ஏற்கும் இந்தக் கோப்பில் லேயர் என்ற ஏற்பாடே இல்லை.

லேயர் வந்தது வேறு திசையிலிருந்து. தாமஸ் நோல், ஜான் நோல் சகோதரர்கள் உருவாக்கிய ஃபோட்டோஷாப்பை அடோபி நிறுவனம் 1990 பிப்ரவரியில் மேகின்டாஷுக்கு வெளியிட்டது. அதன் முதல் பதிப்புகளில் படத்தின் மேல் எழுத்தை வைத்தால் அது படத்தோடு ஒட்டிக்கொள்ளும். பிறகு பிரிக்க முடியாது. 1994-இல் மூன்றாம் பதிப்பு லேயர்களைக் கொடுத்தது. நிழல் ஒரு லேயர், ஒளி ஒரு லேயர், எழுத்து ஒரு லேயர், வேண்டாததை அணைத்துவைக்கலாம். நம் ஊர் டிசைன் சென்டர்களில் இந்த மென்பொருளைத் திறந்தவர்கள், தொடக்கத் திரையின் பெயர்ப் பட்டியலில் சீதாராமன் நாராயணன் என்ற பெயரைப் பல ஆண்டுகள் பார்த்திருப்பார்கள். இந்தியாவில் பிறந்த அந்தப் பொறியாளர் ஃபோட்டோஷாப்பின் விண்டோஸ் பதிப்பில் உழைத்தவர்.

பி.எஸ்.டி. கோப்பின் கடைசிப் பகுதியில், எல்லா லேயர்களையும் ஒன்றாக அழுத்திய தட்டைப் படம் ஒன்றும் சேமிக்கப்படும். இணையத்தில் கிடைக்கும் எளிய மாற்றி நிரல்கள் பல அந்தத் தட்டைப் படத்தை மட்டும் எடுத்து, எல்லா அளவுக்கும் ஒரே விதமாகச் சுருக்கித் தந்துவிடுகின்றன. தட்டைப் படத்தையும் சேர்த்து வைக்கும் இணக்கத் தெரிவை அணைத்துவிட்டுச் சேமித்திருந்தால், அவற்றுக்குக் கிடைப்பது வெறும் வெள்ளைப் படம்தான். கைதேர்ந்தவர் செய்வது வேறு. 256 அளவுக்கு எல்லா லேயர்களும் இருக்கும். 48-இல் நிழலை அணைப்பார். 32-இல் எழுத்து போகும். 16-க்கு வந்ததும் சுருக்குவதையே நிறுத்திவிட்டு, புதிதாக ஒரு லேயர் திறந்து பிக்சல் பிக்சலாக வரைவார்.

அந்த 16 அளவுக்கு இவ்வளவு மவுசு வந்தது ஃபேவிகானால். 1999 மார்ச்சில் மைக்ரோசாஃப்டின் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 5 வெளியானது. அதில் இந்த வசதியைச் சேர்த்தவர் பரத் ஷ்யாம் என்ற பொறியாளர். பயனர் ஒரு தளத்தைத் தமது விருப்பப் பட்டியலில் சேர்த்தால், தளத்தின் வேர் அடைவில் ஃபேவிகான் என்ற பெயரில் ஐ.சி.ஓ. கோப்பு இருக்கிறதா என்று உலாவி தேடும். கோப்பு இல்லாத தளங்களின் சர்வர் பதிவேடுகளில் 404 பிழைகள் வரிசையாக விழத் தொடங்கின. எத்தனை பேர் தளத்தைக் குறித்துவைக்கிறார்கள் என்பதும் அந்தப் பதிவேட்டிலேயே தெரிந்தது. அதே ஆண்டு இறுதியில் வெளியான எச்.டி.எம்.எல். 4.01 தரத்தைப் பின்பற்றி, பக்கத்தின் தலைப்பகுதியிலேயே ஐகானின் முகவரியை எழுதும் முறையும் பிறகு நிலைபெற்றது.

2001-இல் விண்டோஸ் எக்ஸ்.பி. பாதி ஒளிபுகும் ஓரங்களை ஐகானுக்குத் தந்தது. அதற்கு முன் ஒரு பிக்சல் தெரியும் அல்லது தெரியாது, நடுவில் நிலை கிடையாது. வளைவுகள் எல்லாம் ரம்பப் பற்களாக நின்றன. இந்த ஒளிபுகும் தன்மையைத்தான் நம் ஊரில் அதிகம் இழக்கிறோம். ஃபிளெக்ஸ் கடையில் கோரல்டிராவில் வரைந்த லோகோ, விசிட்டிங் கார்டுக்காக ஜே.பி.ஜி. ஆகி, வாட்ஸ்அப்பில் இன்னொரு முறை நசுங்கி, இணையதளம் செய்பவர் கைக்கு வரும். ஜே.பி.ஜி.யில் ஒளிபுகும் இடம் என்ற ஒன்றே இல்லை. விளைவாக, கருநிறத் தாவலில் வெள்ளைச் சதுரம் ஒன்று ஒட்டுப்போட்டதுபோல் நிற்கும்.

மாமல்லபுரக் கரையில் சின்னம் ஆக்கத் தக்க உருவங்களுக்குப் பஞ்சமில்லை. 16 பிக்சலில் தேறுபவை சில. ராஜசிம்மப் பல்லவன் எழுப்பிய கடற்கரைக் கோயில் தேறும். அதன் இரண்டு விமானங்களும் படிப்படியாகக் குறுகி உயர்வதால் பிக்சல் கட்டத்தில் இயல்பாக உட்காருகின்றன. பெரிய விமானத்துக்கு 9 பிக்சல் அடி, சிறியதற்கு 5, நடுவே 2 இடைவெளி என்று 16-ஐப் பங்கிடலாம். பெரியது இரண்டு வரிசைக்கு ஒருமுறை இருபுறமும் ஒவ்வொரு பிக்சல் குறுகினால், பத்து வரிசையில் உச்சியை எட்டிவிடும். சுற்றுமதில் நந்திகளை மறந்துவிட வேண்டியதுதான். கிருஷ்ணனின் வெண்ணெய் உருண்டை இன்னும் சுலபம்: ஒரு வட்டம், ஒரு சரிவு. 2019 அக்டோபரில் இந்தியப் பிரதமரும் சீன அதிபரும் அதன் முன் நின்று படமெடுத்துக்கொண்ட பிறகு, அந்த உருவத்தை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. சரிவுக் கோட்டை மட்டும் இரண்டு பிக்சல் கிடைக்கு ஒரு பிக்சல் ஏற்றம் என்று வரைந்தால் பற்கள் சீராக விழும்.

அர்ச்சுனன் தபசு தேறாது. அகலம் உயரத்தைப் போல் இரு மடங்குக்கு மேல், உருவங்களோ நூற்றுக்கும் அதிகம். சதுரத்தில் இருப்பது 256 பிக்சல். ஓர் உருவத்துக்கு மூன்று பிக்சல்கூடக் கிடைக்காது. வேண்டுமானால் யானையை மட்டும் வெட்டி எடுக்கலாம். வேடந்தாங்கலின் நத்தைகுத்தி நாரைக்கும் இதே கதி. மூடிய அலகின் நடுவே தெரியும் இடைவெளிதான் அந்தப் பறவையின் அடையாளம்; 16-இல் அது ஒரு பிக்சலுக்கும் குறைவு. இடைவெளியை வேண்டுமென்றே பெரிதாக்கித் தலையை மட்டும் வரைந்தால் பிழைக்கும். மாமல்லபுரத் தெருக்கடையில் கட்டைவிரல் அளவில் விற்கும் மாக்கல் பிள்ளையாருக்கு எவரும் பூணூல் செதுக்குவதில்லை. தும்பிக்கையும் தொந்தியும் இருந்தால் பிள்ளையார்தான். ஐகான் வரைபவருக்கு இதைவிட நல்ல பாடம் கிடைக்காது.

2022 ஜூலை இறுதியில் தொடங்கி இதே மாமல்லபுரத்தில் நடந்த 44-ஆவது செஸ் ஒலிம்பியாடின் சின்னமான ‘தம்பி’, வேட்டி சட்டையில் கைகூப்பி நிற்கும் குதிரை. சுவரொட்டியில் கம்பீரமாக இருந்த உருவம்தான். ஆனால் தாவல் அளவுக்குக் கொண்டுவந்தால் முதலில் மறைவது வேட்டிக்கரை, பிறகு கூப்பிய கை. எஞ்சும் குதிரைத் தலையை மட்டும் வைத்துக்கொண்டால், குதிரையையே சின்னமாக வைத்திருக்கும் லிசெஸ் என்ற செஸ் ஆட்டத் தளத்திலிருந்து பிரித்தறிவது கடினம். தம்பியைத் தம்பியாக வைத்திருப்பது வெள்ளைச் சட்டைதான் என்பதால், கழுத்துக்குக் கீழே இரண்டு வரிசை வெள்ளைப் பிக்சலாவது வேண்டும்.

தமிழ் எழுத்தையே சின்னமாக்குவோரும் உண்டு. ப, ட, ம ஆகியவை நேர்கோடுகளால் ஆனவை அல்லது அதற்கு அருகில் வருபவை. 16 பிக்சலில் கூர்மையாக நிற்கும். ஐ, ஞ, ஜ, ண போன்றவற்றின் சுழிகள் அடைத்துக்கொள்ளும். செங்கல்பட்டின் ‘செ’ கொம்பும் எழுத்துமாக இரட்டை அகலம் கேட்கிறது. விக்கிப்பீடியாவின் புதிர்க்கோளத்தில் ஒரு துண்டில் தமிழ் ‘வி’ இருக்கிறது. 2003-இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவின் தாவலிலோ கோளமும் இல்லை, ‘வி’யும் இல்லை; எல்லா மொழிக்கும் பொதுவான ஆங்கில டபிள்யூ மட்டும் நிற்கிறது. வடிவமைப்பாக அது சரியான முடிவு, தமிழருக்குச் சற்று வருத்தமானாலும்.

கைபேசி வந்தபின் அளவுகள் பெருகின. ஐபோனின் முகப்பில் இணையதளத்தைச் சேர்க்க 2008-இல் 57 பிக்சல் போதுமானதாக இருந்தது, இப்போது 180. ஆண்ட்ராய்டில் நிறுவத்தக்க தளங்களுக்கு 192-ம் 512-ம் வேண்டும். இதைவிடப் பெரிய மாற்றம், லேயர் திரும்பி வந்தது. 2017-இன் ஆண்ட்ராய்டு 8, ஐகானை முன்னணி, பின்னணி என இரண்டு லேயர்களாகவே கேட்டது. இரண்டும் 108 அலகுச் சதுரம். கண்ணுக்குத் தெரிவது நடு 72 மட்டும், மிச்சம் அசைவுக்கும் வெட்டுக்கும். 2025-இல் ஆப்பிள் நிறுவனம் ஐகான் கம்போசர் என்ற கருவியை வெளியிட்டு, லேயர் லேயராகவே ஐகானைக் கொடுக்கச் சொன்னது. தட்டையாக்கித் தருவதற்கென்றே எழுதப்பட்ட பழைய மாற்றி நிரல்களுக்கு இங்கே வேலையில்லை.

ஆகவே கடைக்கோ விடுதிக்கோ லோகோ வரையக் கொடுப்பவர்கள், பணம் கொடுக்கும் அன்றே லேயர் கலையாத மூலக்கோப்பையும் கேட்டு வாங்கிவிடுங்கள். 16 பிக்சலுக்குத் தனியாக ஒரு வரைவும் கேளுங்கள். வரைந்து கொடுத்த கடை கைமாறிய பிறகு ஜே.பி.ஜி.யிலிருந்து லேயரைப் பிரித்தெடுக்க முடியாது, முதலிலிருந்து வரைய வேண்டும்.