இதயச் சுவரும் இருபத்தைந்து எழுத்துகளும்

பொறியாளனாகிய நான் இம்மலரில் எழுத வந்திருப்பது ஒரு பம்பைப் பற்றித்தான்; நம் நெஞ்சுக்குள் ஓடும் பம்பு.

'நேத்துவரைக்கும் நல்லாத்தான் இருந்தார், திடீர்னு போயிட்டார்' என்று நம்ம சேலம், நாமக்கல் பக்கம் எத்தனை வீடுகளில் கேட்டிருக்கிறோம்! எல்லாவற்றையும் மாரடைப்பு என்றே சொல்லிவிடுகிறோம். ஆனால் ரத்தக்குழாய் அடைபடாமலே, இதயத் தசை தடித்து உயிரைப் பறிக்கும் பரம்பரை நோய் ஒன்றும் உண்டு.

லண்டனில் டொனால்ட் டியர் என்ற மருத்துவர், எட்டுப் பேரின் இதயத்தில் இத்தடிப்பைக் கண்டு 1958-ல் எழுதினார். அவர்களில் ஏழு பேர் திடீரென இறந்தவர்கள். அதாவது, பிரேதப் பரிசோதனையில்தான் நோய் தெரிந்தது. எக்கோ பரிசோதனை பரவிய பிறகு, உயிரோடு இருப்பவரின் இதயச் சுவரையே அளக்க முடிந்தது. ரத்தக் கொதிப்பு, வால்வுச் சுருக்கம் போன்ற வேறு காரணம் இல்லாமல் பெரியவர்களுக்கு 15 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ இருந்தால் இந்நோய் என்கிறார்கள். 1990-ல் பாஸ்டன் ஆய்வாளர்கள் இதற்கான முதல் மரபணுப் பிழையைக் கண்டுபிடித்தார்கள்.

நம் நாட்டுக்கும் இதில் பங்குண்டு. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் தண்டபாணி, ஹைதராபாத் சி.சி.எம்.பி.யின் தங்கராஜ் முதலானோர் 2009-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். இதயத் தசைப் புரதம் ஒன்றின் மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்டிருப்பது, இந்தியத் துணைக்கண்டத்து மக்களில் 100-க்குச் சுமார் 4 பேரிடம் உண்டு. அவர்களுக்கு இதய நோய் வாய்ப்பு அதிகம் என்றார்கள். 2020-ல் வந்த மறு ஆய்வோ, அந்த விடுபடல் மட்டும் குற்றவாளி அல்ல, சிலரிடம் அதோடு சேர்ந்து வரும் இன்னொரு பிழைதான் முக்கியக் காரணம் என்றது. ஆக, 25 எழுத்து இல்லை என்று தெரிந்ததும் பயந்துவிட வேண்டாம். சுவரை அளந்து பார்க்க வேண்டும்.

நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறை வைத்திருக்கும் என் பெரியப்பா மகனுக்கு எக்கோவில் 19 மில்லிமீட்டர் வந்தது. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வர பாதி வாய்ப்பு என்றார் டாக்டர். பங்காளிகள் ஒன்பது பேரும் இ.சி.ஜி., எக்கோ எடுத்தோம். எந்தத் தொந்தரவும் இல்லாத இருவருக்குத் தடிப்பு இருந்தது; இப்போது மருந்தில் இருக்கிறார்கள். எனக்கு இல்லை. ஆனாலும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பார்க்கணுமாம். இது பிந்தியும் வரும்.

பொண்ணு பார்க்கப் போனால் குலம், கோயில், கூட்டம் எல்லாம் விசாரிக்கிறோம். சின்ன வயசுல யாராவது திடீர்னு இறந்தாங்களா என்று கேட்பதில்லை. சொந்தத்துக்குள்ளேயே சம்பந்தம் செய்கிற நமக்கு அந்தக் கேள்வி இன்னும் அவசியம். இரு பக்கமும் ஒரே பிழை இருந்தால் பிள்ளைக்கு நோய் கடுமையாகலாம். அப்படி யாராவது இருந்தால், அடுத்த முறை ஊருக்குப் போகும்போது பெரியவர்களிடம் கேட்டு, டாக்டரிடம் சொல்லுங்கள்.