மருத்துவமனையிலிருந்து வீடு வரை: மருந்து கைமாறும் வரலாறு

காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் செல்லும் வழியில், செய்யாற்றின் கரையில் உள்ள ஊர் மாகறல். திருஞானசம்பந்தரின் பாடல் பெற்ற தொண்டை நாட்டுத் தலங்களுள் இதுவும் ஒன்று. செய்யாறு இவ்வூரைக் கடந்து சென்று, பாலாறு, வேகவதி ஆகியவற்றுடன் கூடும் இடம் திருமுக்கூடல். சோழர் கால மருத்துவமனை ஒன்றைப் பற்றிய விரிவான சான்று அங்குள்ள வெங்கடேசப் பெருமாள் கோயில் கல்வெட்டில் உள்ளது. நோயாளி வீடு திரும்பும்போது மருந்துகள் மாறுவதால் எழும் இன்றைய சிக்கலை, அந்தக் கல்வெட்டோடு ஒப்பிட்டால் நன்கு விளங்கும்.

வீரசோழன் ஆதுலர்சாலை

இக்கல்வெட்டு வீரராஜேந்திர சோழனின் (கி.பி. 1063–1070) காலத்தது. வீரசோழன் என்ற பெயருடைய இந்த ஆதுலர்சாலையில் 15 படுக்கைகள் இருந்தன. மருத்துவர் ஒருவர், அறுவை மருத்துவர் ஒருவர், மூலிகை கொணர்ந்து மருந்து செய்வோர் இருவர், நோயாளிகளைக் கவனிக்கும் பெண்கள் இருவர் ஆகியோர் பணிபுரிந்தனர். மருத்துவருக்கு ஆண்டுக்கு 90 கலம் நெல்லும் 8 காசும் வழங்கப்பட்டன. ஓராண்டுக்கு இருப்பு வைக்க வேண்டிய ஏறத்தாழ 20 மருந்துகளின் பெயர்களும் பொறிக்கப்பட்டுள்ளன.

கோயில் பணியாளர்களும் அங்கிருந்த வேதக் கல்லூரி மாணவர்களுமே இங்குச் சிகிச்சை பெற்றனர். நோயைக் கண்டறிபவர், மருந்து செய்பவர், மருந்து உண்பவர் ஆகிய மூவரும் ஒரே கோயிலைச் சார்ந்திருந்தனர்.

இன்றைய நிலை

இன்று இம்மூவரும் ஒருவரையொருவர் அறியாதவர்களாக இருப்பதே வழக்கம். தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994இல் தொடங்கப்பட்டது. அது அரசு மருத்துவமனைகளுக்கு மருந்துகளை வாங்கி, அவற்றின் மூலப்பெயரிலேயே வழங்குகிறது. தனியார் மருந்துக் கடைகளிலோ அதே மருந்து பல வணிகப் பெயர்களில் விற்கப்படுகிறது.

காஞ்சிபுரத்தில் தறி நெய்யும் முதியவர் ஒருவர், ஆரம்ப சுகாதார நிலையத்தில் சர்க்கரை நோய்க்குக் கிளிமிபிரைடு மாத்திரை வாங்கி வருவதாகக் கொள்வோம். அவர் வேறொரு மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற்றுத் திரும்பும்போது, அதே மருந்தை வணிகப் பெயரில் எழுதித் தருகிறார்கள். பெயர் வேறாக இருப்பதால் அவர் இரண்டையும் உண்கிறார். இரத்தச் சர்க்கரை மிகவும் குறைந்து, வியர்வை, நடுக்கம், மயக்கம் ஏற்படக்கூடும். நிறுத்தச் சொன்ன மருந்தைத் தொடர்வதும், தொடர வேண்டிய மருந்தை விட்டுவிடுவதும் இதே போன்ற ஆபத்துகளே.

உலக அளவிலான முயற்சி

உலக சுகாதார நிறுவனம் 2017 மார்ச் மாதம் 'தீங்கற்ற மருந்துப் பயன்பாடு' என்னும் இயக்கத்தைத் தொடங்கியது. நோயாளி ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு மாறும் வேளை, பல மருந்துகளை ஒருசேர உண்ணுதல், ஆபத்து மிகுந்த சூழல்கள் ஆகிய மூன்றும் அதில் முதன்மை பெற்றன. இந்தியாவில், மருந்தின் மூலப்பெயரைத் தெளிவாக, இயன்றவரை பெரிய எழுத்துகளில் எழுத வேண்டும் என்று இந்திய மருத்துவக் கழகம் 2016இல் விதி வகுத்தது.

ஒப்பிட்டுச் சரிபார்த்தல்

இச்சிக்கலுக்கான தீர்வு எளிமையானது. சேரும்போது நோயாளி உண்டுவந்த எல்லா மருந்துகளையும், நாட்டு மருந்து உட்பட, பட்டியலிட வேண்டும். வீடு திரும்பும் நாளில் அதைப் புதிய சீட்டுடன் ஒப்பிட்டு, தொடர்வது, அளவு மாறியது, புதியது, நிறுத்தியது என்று நான்காகப் பிரித்து எழுத வேண்டும். நிறுத்தியதற்கான காரணத்தையும், மறு பரிசோதனைக்கான தேதியையும் குறிப்பிட வேண்டும். இன்சுலின், இரத்த உறைவைத் தடுக்கும் மருந்துகள் ஆகியவற்றில் தனிக் கவனம் தேவை.

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், நீரிழிவு, உயர் இரத்த அழுத்த மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. மருத்துவமனையில் மருந்து மாறியது தெரியாவிட்டால் பழைய மாத்திரைகளே மீண்டும் வரக்கூடும். எனவே மாத்திரை கொண்டு வருபவரிடம் மருத்துவமனைச் சீட்டைக் காட்டுவது அவசியம்.

திருமுக்கூடலில் ஒரே கோயிலுக்குள் இருந்த தொடர்பை, இன்று நோயாளியின் கையில் உள்ள பட்டியல்தான் காக்க வேண்டியுள்ளது.