தேநீரின் வேதிப்பொருட்களும் மூளையும்

தேநீர் உறக்கத்தை விரட்டும், ஆனால் மனத்தைப் பதற வைக்காது என்பது கிழக்காசியாவின் பழைய நம்பிக்கை. சப்பானிய சென் துறவிகள் தியானத்தின்போது விழித்திருக்கத் தேநீர் அருந்தினர். துறவி ஐசாய் 1211இல் தேநீரின் நலன்களைப் பற்றி நூல் எழுதினார்.

இந்த விழிப்புக்கான காரணம் 19ஆம் நூற்றாண்டில் தெரியவந்தது. 1819இல் செருமானிய வேதியியலாளர் ரூங்கே காப்பிக் கொட்டையிலிருந்து காஃபீனைப் பிரித்தெடுத்தார். 1827இல் தேயிலையிலிருந்து கிடைத்த பொருளுக்குத் 'தெயீன்' என்று தனிப்பெயர் இடப்பட்டது. இரண்டும் ஒன்றே என்பது 1838இல் உறுதியானது. காஃபீன் மூளையின் அடினோசின் ஏற்பிகளை அடைத்து அயர்வைத் தள்ளிப்போடுகிறது.

ஒரே பொருள் என்றால், தேநீரின் அமைதிக்கு வேறு காரணம் வேண்டும். 1949இல் பச்சைத் தேயிலையில் 'தெயனைன்' என்ற அமினோ அமிலம் கண்டறியப்பட்டது. வேரில் உருவாகி இலைக்குச் செல்லும் இது, வெயிலில் கேட்டச்சின்களாக மாறுகிறது. இதனால் நிழலில் வளர்க்கப்படும் 'கியோகுரோ' தேயிலையில் இது மிகுதியாக உள்ளது.

தெயனைன் மூளைக்குள் சென்று, விழிப்புடன் கூடிய ஓய்வைக் குறிக்கும் ஆல்ஃபா அலைகளைக் கூட்டுவதாகவும், காஃபீனுடன் சேர்ந்து கவனத்தை மேம்படுத்துவதாகவும் பிற்கால ஆய்வுகள் காட்டின. எனினும் அவற்றில் பெரும்பாலும் 50 முதல் 200 மில்லிகிராம் வரை கொடுக்கப்பட்டது. ஒரு கோப்பைத் தேநீரில் பொதுவாக அவ்வளவு இருப்பதில்லை. ஆகவே பழைய நம்பிக்கைக்கு வேதியியல் தந்திருப்பது பாதி விடையே.