ஓட்டை பீட்டிலும் ஒரு படகுக்காரரும்

மணல்மேடு, மலைப்பாதை, ஆற்றுப்படுகை என்றாலே நமக்கெல்லாம் ஜீப்தான் ஞாபகம் வரும். நான்கு சக்கரமும் இழுக்க வேண்டும், இன்ஜின் பெரிதாக இருக்க வேண்டும், வண்டி பார்க்கவே முரட்டுத்தனமாக இருக்க வேண்டும். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். இதில் ஒன்றுமே இல்லாத ஒரு வண்டி, 1967-இல் மெக்சிகோ பாலைவனத்தில் மோட்டார் சைக்கிள்காரர்கள் வைத்திருந்த சாதனையை முறியடித்திருக்கிறது. அதன் இன்ஜின், கியர்பாக்ஸ், சஸ்பென்ஷன் எல்லாம் சாதாரண ஃபோக்ஸ்வாகன் பீட்டில் காரில் இருந்து கழற்றியவை. குடும்பத்தோடு ஊருக்குப் போய்வர ஜெர்மன்காரர்கள் செய்த அதே ஆமை கார்தான்!

செய்தவர் பெயர் புரூஸ் மேயர்ஸ். கார் கம்பெனி இன்ஜினியர் இல்லை. கலிஃபோர்னியாவில் படகு கட்டிக்கொண்டிருந்தவர். குறைந்த காசில் பழைய காரை மணல் வண்டியாக்கும் வழியை உலகத்துக்கே காட்டியவர், கடைசியில் அதனாலேயே தொழிலை இழந்தவர். அவர் கதையைப் படித்ததில் இருந்து மனசுக்குள் ஒரு கேள்வி ஓடிக்கொண்டே இருக்கிறது. அதனால்தான் இந்தப் பதிவு.

முதலில் கொஞ்சம் முன்கதை. இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு கலிஃபோர்னியா கடற்கரைகளில், குறிப்பாக பிஸ்மோ பீச் பக்கத்து மணல்மேடுகளில், பழைய அமெரிக்கக் கார்களை உரித்து ஓட்டுவது ஒரு பொழுதுபோக்காக இருந்தது. கதவு, கூரை, மட்கார்டு எல்லாவற்றையும் கழற்றி எறிந்துவிட்டு, இருக்கையையும் இன்ஜினையும் மட்டும் வைத்துக்கொண்டு மேட்டில் ஏறுவார்கள். பெரிய வி8 இன்ஜின், கனமான இரும்புச் சட்டம், முன்னால் ரேடியேட்டர். இப்படிப்பட்ட வண்டி மணலில் என்ன செய்யும்? சக்தி இருக்கும் வரை பாயும், கனத்தால் புதையும். புதைந்தால் இன்னும் முறுக்குவார்கள், ரேடியேட்டர் கொதிக்கும்.

பீட்டில் காரின் அமைப்பு இதற்கு நேர் எதிர். இன்ஜின் பின்னால், இழுக்கும் சக்கரங்களுக்கும் பின்னால் தொங்குகிறது. அதனால் வண்டியின் எடையில் பாதிக்கும் மேல் பின் சக்கரங்களை அழுத்துகிறது. மணலில் பிடிப்பு கிடைப்பதற்கு அந்த அழுத்தம்தான் வேண்டும். இன்ஜின் காற்றால் குளிர்கிறது, ஆகவே ரேடியேட்டரும் இல்லை, கொதிக்கத் தண்ணீரும் இல்லை. அடிப்பாகம் தட்டையான தகடு, கல்லில் மாட்டிக்கொள்ள அங்கே அதிகம் ஒன்றும் தொங்காது. காரின் மேல்கூடு அந்த அடித்தகட்டின் மேல் போல்ட் போட்டு உட்கார வைத்ததுதான். போல்ட்டுகளைக் கழற்றினால் கூடு தனியாக, ஓடக்கூடிய அடிப்பாகம் தனியாக வந்துவிடும். ஒரு பழைய காரை வாங்கிப் பிரித்து வேறு வண்டி கட்ட நினைப்பவனுக்கு இதைவிட என்ன வேண்டும்?

இது புதுக் கண்டுபிடிப்பும் இல்லை. பீட்டிலின் அதே அடிப்படையில் ஜெர்மன் ராணுவத்துக்காக ஃபோக்ஸ்வாகன் செய்த கியூபல்வாகன் என்ற வண்டி, ஆப்பிரிக்கப் பாலைவனத்திலும் ரஷ்யச் சேற்றிலும் ஓடியது. அதற்கும் பின் சக்கர இழுவை மட்டும்தான். சுமார் 50,000 வண்டிகள் செய்தார்கள். அமெரிக்க ஜீப்பை விட நூற்றுக்கணக்கான கிலோ எடை குறைவு என்பதே அதன் பலம். மாட்டிக்கொண்டால் நாலு பேர் இறங்கித் தூக்கி விடலாம்.

இனி நம் படகுக்காரர். மேயர்ஸ் 1926-இல் பிறந்தவர். அலைச்சறுக்குப் பிரியர். போரின்போது பங்கர் ஹில் என்ற விமானந்தாங்கிக் கப்பலில் மாலுமியாக இருந்தார். 1945 மே 11 அன்று ஒகினாவா அருகே இரண்டு ஜப்பானிய தற்கொலை விமானங்கள் அந்தக் கப்பலில் மோதி, ஏறக்குறைய 400 பேர் செத்துப்போனார்கள். அதில் பிழைத்து வந்தவர் இவர். பிறகு ஓவியம் படித்தார், ஃபைபர்கிளாஸ் படகு செய்யும் வேலையில் சேர்ந்தார். கதைக்கு இந்த ஃபைபர்கிளாஸ்தான் முக்கியம்.

கண்ணாடி இழைப் பாய் மீது ரெசின் பூசி, அச்சுக்குள் அடுக்கடுக்காக ஒட்டி, காய்ந்ததும் உரித்து எடுப்பதுதான் அந்த வேலை. இரும்புத் தகட்டை வளைக்கப் பெரிய பிரஸ் வேண்டும், லட்சக்கணக்கில் முதலீடு வேண்டும். ஃபைபர்கிளாஸுக்கு ஒரு கொட்டகையும் பொறுமையும் போதும். தட்டையாகச் செய்தால் அது வளையும். வளைவுகளோடு செய்தால் உறுதியாக நிற்கும். படகு செய்கிறவனுக்கு இது கை தானாகச் செய்யும் வேலை. மேயர்ஸின் வண்டியைப் படத்தில் பாருங்கள், ஒரு நேர்கோடு இருக்காது. பெரிய டயர் சுழல இடம் விட்டு உயர்ந்த மட்கார்டுகள், தொட்டி மாதிரி நடுப்பாகம், தவளை மாதிரி இரண்டு விளக்குகள். அழகுக்காகச் செய்தது போலத் தெரியும். அந்த வளைவுகள்தான் வண்டியைத் தாங்குகின்றன.

1964-இல் நியூபோர்ட் பீச்சில் தன் சொந்த ஷெட்டில் முதல் வண்டியை முடித்தார். சிவப்பு நிறம். பிற்காலத்தில் 'ஓல்டு ரெட்' என்றே பெயர் வந்துவிட்டது. குட்டை வால் பூனை இனத்தின் பெயரான 'மேங்ஸ்' என்பதை வண்டிக்கு வைத்தார். பின்பக்கம் வெட்டி விட்டாற்போல இருப்பதால் பொருத்தமான பெயர்தான் :-)

ஆனால் இந்த முதல் வண்டி மலிவானது இல்லை. அதில் பீட்டிலின் அடித்தகடே கிடையாது. ஃபைபர்கிளாஸ் கூடே சட்டமாகவும் இருந்தது. இன்ஜினையும் சஸ்பென்ஷனையும் அதிலேயே மாட்டினார். வேலை அதிகம், விலையும் அதிகம். ஒரு டஜன் செய்ததோடு நிறுத்திவிட்டார்.

அடுத்து யோசித்தார் பாருங்கள், அதுதான் திருப்புமுனை. அடித்தகட்டை நாம் ஏன் செய்ய வேண்டும்? அமெரிக்கா முழுக்க அப்போது லட்சக்கணக்கான பீட்டில்கள் ஓடிக்கொண்டிருந்தன. மோதி நசுங்கியவை, துருப்பிடித்தவை எல்லாம் காயலான் கடையில் கிடந்தன. கூடு போனாலும் இன்ஜினும் அடிப்பாகமும் நன்றாகவே இருக்கும். ஆகவே வாங்குகிறவனே ஒரு ஓட்டை பீட்டிலைத் தேடிப் பிடிக்கட்டும், நாம் ஃபைபர்கிளாஸ் கூடு மட்டும் கொடுப்போம் என்று முடிவு செய்தார்.

ஒரு தடங்கல் இருந்தது. பீட்டிலின் முன் பின் சக்கரங்களுக்கு இடைத்தூரம் 2,400 மில்லிமீட்டர். மேட்டின் உச்சியைத் தாண்டும்போது நீளமான வண்டியின் வயிறு தட்டும். அதனால் அடித்தகட்டின் நடுவில் 14.5 அங்குலம், அதாவது சுமார் 37 செ.மீ. நீளத்தை அறுத்து எடுத்துவிட்டு, இரண்டு துண்டையும் சேர்த்து வெல்டிங் செய்ய வேண்டும். நடுச் சுரங்கத்துக்குள் ஓடும் கியர் கம்பியையும் அதே அளவு குறைக்க வேண்டும். வீட்டுக் கொட்டகையில் ஒருவன் செய்யக்கூடிய வேலைதான். ஆனால் கோடு கொஞ்சம் கோணினால் வண்டி ஆயுசுக்கும் நண்டு மாதிரி சாய்ந்துதான் போகும்!

இவ்வளவு குறைத்ததற்கு ஒரு விலையும் உண்டு. முன்பக்கம் லேசாகிவிடுவதால் மணலில் ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் வண்டி நேராகவே போகப் பார்க்கும். அதற்கு மணல் வண்டிக்காரர்கள் ஒரு வழி வைத்திருந்தார்கள். பின் சக்கரங்கள் இரண்டுக்கும் தனித்தனிக் கை பிரேக். இடது சக்கரத்தை மட்டும் பிடித்தால் வண்டி இடது பக்கம் சுழலும். ஏர் கலப்பை மாட்டிய டிராக்டரை வயல் மூலையில் திருப்பப் பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும். அங்கேயும் ஒரு பக்கத்து பிரேக்கை மட்டும்தான் மிதிப்பார்கள்.

சரி, மெக்சிகோவுக்கு வருவோம். பாகா கலிஃபோர்னியா என்பது வால் மாதிரி நீண்டு தொங்கும் தீபகற்பம். அதன் நெடுக்கப் போகும் தார்ச்சாலை 1973-இல்தான் முடிந்தது. அதற்கு முன் கல், மணல், வறண்ட ஏரி, கள்ளிக்காடு. 1962-இல் டேவ் எக்கின்ஸ் என்பவர் ஹோண்டா மோட்டார் சைக்கிளில் டிஹுவானாவில் இருந்து லா பாஸ் வரை 39 மணி 56 நிமிடத்தில் போய்ச் சேர்ந்தார். இரண்டு ஊரிலும் தந்தி ஆபீசில் நேரம் குறித்துக்கொண்டார்கள், அதுதான் சாட்சி. 1967 ஏப்ரலில் மேயர்ஸும் அவர் நண்பர் டெட் மேங்கல்ஸும் ஓல்டு ரெட் வண்டியில் லா பாஸில் இருந்து வடக்கே கிளம்பினார்கள். 34 மணி 45 நிமிடத்தில் டிஹுவானா. ஐந்து மணி நேரத்துக்கு மேல் குறைந்துவிட்டது!

அதே வருடம் மெக்சிகன் 1000 என்று முறையான பந்தயமே தொடங்கியது. இன்று பாகா 1000 என்று சொல்கிறார்களே, அதன் ஆரம்பம் இதுதான். முதல் பந்தயத்தில் மொத்தத்திலும் முதலாக வந்தது விக் வில்சனும் மேங்கல்ஸும் ஓட்டிய மேங்ஸ், 27 மணி 38 நிமிடம். அடுத்த வருடம் வந்த 'தாமஸ் கிரவுன் அஃபேர்' படத்தில் ஸ்டீவ் மெக்வீன் கடற்கரையில் ஒரு மேங்ஸைப் பறக்க விட்டார். ஆர்டர்கள் குவிந்தன. மேயர்ஸால் செய்து முடிக்க முடியவில்லை.

இனிமேல்தான் கதையின் கசப்பான பாகம்.

ஃபைபர்கிளாஸ் கூட்டை நகலெடுப்பது எப்படி? ஒரு மேங்ஸ் கூட்டை வாங்க வேண்டும். அதன் மேல் மெழுகு தடவி, அதற்கு மேலேயே கண்ணாடி இழையையும் ரெசினையும் பூச வேண்டும். காய்ந்து உரித்தால் அச்சு தயார். அவ்வளவுதான். மேயர்ஸ் மாதக்கணக்கில் யோசித்து இழைத்த வளைவுகள் அத்தனையும் சில நாளில் அடுத்தவன் கையில். அந்த அச்சில் இருந்து எடுத்த கூட்டை வாங்கி இன்னொருவன் அச்சு எடுத்தான். நகலுக்கு நகல், அதற்கும் நகல். பலரும் காசு மிச்சம் பிடிக்க இழையைக் குறைத்து மெல்லிசாகச் செய்தார்கள்.

மேயர்ஸ் காப்புரிமை வைத்திருந்தார். நகல் எடுத்த ஒரு கம்பெனி மேல் வழக்கும் போட்டார். நீதிமன்றம் அந்தக் காப்புரிமையை ஏற்கவில்லை. தீர்ப்பு வந்ததும் எல்லோருக்கும் துணிச்சல் வந்துவிட்டது. அவர் கம்பெனி விற்றது சுமார் 6,000 மேங்ஸ் கூடுகள். உலகம் முழுக்க மற்றவர்கள் செய்தது இரண்டரை லட்சம் இருக்கும் என்று பொதுவாக ஒரு கணக்கு சொல்கிறார்கள். 1970-இல் மனம் வெறுத்துத் தன் கம்பெனியை விட்டே வெளியேறினார். 1971-இல் கம்பெனியும் மூடப்பட்டது.

நான் மேலே சொன்ன கேள்வி இதுதான். மேயர்ஸும் தனியாக எதையும் உருவாக்கவில்லையே? இன்ஜின் ஃபோக்ஸ்வாகனுடையது. உரித்துப்போட்டு ஓட்டும் யோசனை பிஸ்மோ மணலில் ஏற்கெனவே இருந்தது. மலிவாக, யாரும் வீட்டிலேயே கட்டலாம் என்பதற்காகத்தான் ஜனங்கள் அவர் வண்டியை வாங்கினார்கள். அந்த எளிமையேதான் நகலெடுப்பதையும் எளிதாக்கியது. ஆனாலும் அந்த வடிவம் அவருடையது. ஒரு வருடம் ராத்திரி பகலாக இழைத்தவன் மூடிவிட்டுப் போக, அச்சு எடுத்தவன் காசு பார்த்தது நியாயமே இல்லை என்றுதான் எனக்குப் படுகிறது. நகல்கள் இல்லாவிட்டால் இத்தனை பேர் மணல் வண்டி ஓட்டியிருக்கவே மாட்டார்கள் என்று என் நண்பன் சண்டைக்கு வருகிறான். அதுவும் பொய்யில்லை.

இத்தனை பேர் ஓட்டியதில் மணல்மேடுகள் பட்ட பாட்டையும் சொல்ல வேண்டும். செடி வேர் பிடித்து நிற்கும் மேடு ஒரு தடவை கிழிந்தால் காற்று மிச்சத்தை அள்ளிக்கொண்டு போய்விடும். கடற்கரை மணலில் குழி தோண்டி முட்டையிடும் பறவைகளுக்கும் பாலைவன ஆமைகளுக்கும் ஆபத்து. 1972-இல் அதிபர் நிக்சன், பொது நிலங்களில் இத்தகைய வண்டிகள் எங்கே ஓடலாம், எங்கே கூடாது என்று வரையறுக்கச் சொல்லி ஓர் ஆணையே போட வேண்டி வந்தது. மேயர்ஸ் முதல் வண்டியைக் கட்டி எட்டே வருடம்!

பிறகு நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பீட்டில் உற்பத்தி 2003-இல் மெக்சிகோவின் புவெப்லா தொழிற்சாலையோடு முடிந்தது. மொத்தம் 2 கோடியே 15 லட்சத்துக்கும் மேல். காயலான் கடைச் சரக்காக இருந்த பழைய பீட்டில் இன்று சேகரிப்பாளர்கள் தேடும் பொருள். 2014-இல் ஓல்டு ரெட் அமெரிக்காவின் தேசிய வரலாற்று வாகனப் பதிவேட்டில் இரண்டாவது வண்டியாக ஏறியது. மேயர்ஸ் 2000 வாக்கில் மறுபடி கூடு செய்ய ஆரம்பித்து, 2020-இல் கம்பெனியை விற்றார். வாங்கியவர்கள் 2022-இல் மின்சார மேங்ஸ் ஒன்றை அறிவித்தார்கள். அதைப் பார்க்க அவர் இல்லை. 2021 பிப்ரவரியில், 94 வயதில் காலமானார்.

கசந்துபோய் வெளியேறிய அதே மனிதர், 1994-இல் மனைவியோடு சேர்ந்து மேங்ஸ்காரர்களுக்காக ஒரு கிளப் தொடங்கினார். அசல் வண்டி வைத்திருந்தால்தான் சேரலாம் என்று அவர் நிபந்தனை போடவில்லை. நகல் வண்டி வைத்திருந்தவர்களும் உள்ளே வந்தார்கள்.