மணலில் தொடங்கிய படிப்பு



“வாத்தியாரய்யா, எனக்கே எழுதப் படிக்கத் தெரியாது. வீட்டில் பிள்ளைக்கு நான் எதைச் சொல்லிக் கொடுப்பது?” தோட்டப் பள்ளியில் வேலை செய்யும் ஆசிரியர்கள் பலரும் கேட்டுப் பழகிய கேள்வி இது. கேட்கும் தாயின் குரலில் கொஞ்சம் வெட்கம் இருக்கும். நிறைய ஏக்கமும் இருக்கும். இந்தக் கேள்விக்கு விடை நம்முடைய வரலாற்றிலேயே இருக்கிறது.

அந்தக் காலத்தில் தமிழ்நாட்டு ஊர்களில் திண்ணைப் பள்ளிக்கூடங்கள் நடந்தன. தனிக் கட்டடம் வேண்டியதில்லை. ஒரு வீட்டுத் திண்ணை போதும். மரத்தடி இருந்தாலும் போதும். சின்னஞ்சிறு பிள்ளைகளிடம் ஓலையையும் எழுத்தாணியையும் உடனே கொடுத்துவிட மாட்டார்கள். தரையில் மணலைப் பரப்பி, விரலால் எழுதச் சொல்வார்கள். எழுதும்போதே எழுத்தின் ஒலியை உரக்கச் சொல்ல வேண்டும். கண்ணும் காதும் வாயும் விரலும் ஒன்றாக வேலை செய்தன. தவறிவிட்டால் மணலைத் தடவிவிட்டு மறுபடி எழுதலாம்; காசு செலவில்லை. ஒரே ஆசிரியரால் எல்லாரையும் கவனிக்க முடியாதல்லவா? ஆகவே, முன்னேறிய மாணவன் ஒருவன் சட்டாம்பிள்ளையாக இருந்து இளையவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தான்.

இந்த முறை கடல் கடந்து போன கதை வியப்பானது. ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் 1789-ஆம் ஆண்டில் சென்னையில் ஆண் பிள்ளைகளின் அநாதை விடுதி ஒன்றுக்குப் பொறுப்பேற்றார். ஒரு நாள் வழியில் ஒரு திண்ணைப் பள்ளியைக் கண்டார். பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிக்கொண்டிருந்தார்கள். தம் விடுதியிலும் அப்படியே அரிச்சுவடி கற்பிக்கலாம் என்று நினைத்தார். அங்கிருந்த ஆசிரியர் ஒருவர், “இது நடக்காத காரியம்” என்று மறுத்துவிட்டார். பெல் சளைக்கவில்லை. ஜான் ஃபிரிஸ்கன் என்னும் எட்டு வயதுச் சிறுவனிடம் அந்த வேலையை ஒப்படைத்தார். பெரியவர் முடியாதென்றதைச் சிறுவன் செய்து காட்டினான்.

பெல் தாயகம் திரும்பி, 1797-இல் இதைப் பற்றி லண்டனில் நூல் வெளியிட்டார். இங்கிலாந்தில் அது ‘மதராஸ் முறை’ என்றே பெயர் பெற்றது. அவர் 1832-இல் மறைந்தபோது, அம்முறையைப் பின்பற்றிய பள்ளிகள் பன்னிரண்டாயிரத்துக்கும் மேல் இருந்தன. அந்த முறையில் குறைகளும் உண்டு. நூற்றுக்கணக்கான பிள்ளைகளை ஒரே கூடத்தில் அடைத்து, பொருள் புரியாமல் ஒப்புவிக்க வைத்த பள்ளிகள் பல. ஆனால் ஒரு வீட்டில், ஓர் அக்காளும் ஒரு தம்பியும் உட்கார்ந்து படிக்கும்போது அந்தக் குறைக்கு இடமில்லை.

இனி நம் நாட்டுக்கு வருவோம். 1816-இல் பினாங்கு ஃப்ரீ ஸ்கூல் தொடங்கியபோது அங்கே தமிழ் வகுப்பும் நடந்தது. அது நெடுநாள் நீடிக்கவில்லை. பிறகு ரப்பர் வந்தது. மலாயாவில் ரப்பரை வணிகப் பயிராக முதன்முதலில் நட்ட இடங்களுள் நம் காஜாங்கின் இஞ்ச் கென்னத் தோட்டமும் ஒன்று. அது 1890-களின் நடுப்பகுதி. தோட்டங்கள் பெருகின, லயங்களில் பிள்ளைகளும் பெருகினார்கள். பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேருக்குக் குறையாமல் உள்ள தோட்டத்தில் பள்ளி இருக்க வேண்டும் என்று 1912-ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம் கூறியது.

சட்டம் வந்தது, பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் வரவில்லை. பல தோட்டங்களில் கங்காணியோ கிராணியோ ஓய்ந்த நேரத்தில் பாடம் சொன்னார். ஒரே கொட்டகையில் எல்லா வகுப்பும் நடந்தது. அப்போதும் பெரிய பிள்ளைகளே சிறியவர்களுக்கு எழுத்தைக் காட்டினார்கள். சென்னைத் திண்ணையின் சட்டாம்பிள்ளை பால்மரக்காட்டிலும் உயிரோடு இருந்தான்!

படிக்கத் தெரிந்தவர் ஒருவர் இருந்தால் லயமே பயனடைந்தது. 1924-இல் ‘தமிழ் நேசன்’ கோலாலம்பூரிலும், 1935-இல் ‘தமிழ் முரசு’ சிங்கப்பூரிலும் தோன்றின. மாலையில் ஒருவர் செய்தித்தாளை உரக்கப் படிக்க, பத்துப் பேர் சுற்றியிருந்து கேட்பார்கள். கேட்டவர்களில் பலருக்கு எழுத்துத் தெரியாது. ஆயினும் கேள்வி கேட்டார்கள், விவாதித்தார்கள். அருகில் உட்கார்ந்திருந்த பிள்ளைக்கு, தாளில் ஏதோ முக்கியமானது இருக்கிறது என்ற எண்ணம் அப்போதே மனத்தில் பதிந்தது.

இந்த வரலாற்றில் ஒரு வேதனையும் உண்டு. விடியுமுன் பெற்றோர் பால் வெட்டப் போனபின், கைக்குழந்தையைப் பார்க்க மூத்த பெண் வீட்டில் நின்றுவிடுவாள். தம்பி பள்ளிக்குப் போவான். அக்காளின் படிப்பு அத்தோடு முடியும். ஆகவே, மூத்த பிள்ளை சொல்லிக் கொடுக்கட்டும் என்று நான் சொல்வது மாலை அரைமணி நேரத்துக்குத்தான். அவளுடைய பள்ளி நாள் ஒன்றுகூடக் குறையக் கூடாது. சொல்லிக் கொடுக்கும்போது அவள் பாடமும் உறுதிப்படும்.

தாய்மார்களே, தந்தைமார்களே! ஒரு தட்டில் மணலையோ அரிசியையோ பரப்பி, பிள்ளையை எழுதச் சொல்லுங்கள். ஒலியை உரக்கச் சொல்லட்டும். ஒரு நாளைக்கு இரண்டு மூன்று எழுத்துப் போதும். பள்ளிப் புத்தகத்தைப் பிள்ளை வாசிக்கும்போது வேலையை ஒதுக்கிவிட்டுப் பக்கத்தில் உட்காருங்கள். வாசித்து முடித்ததும், “என்ன கதை? எனக்குச் சொல், பார்ப்போம்” என்று கேளுங்கள். பொருள் புரிந்ததா, வெறும் ஒப்புவிப்பா என்பது உங்களுக்கே தெரிந்துவிடும். இரவில் உங்களுக்குத் தெரிந்த கதையையும் விடுகதையையும் சொல்லுங்கள். காதில் பழகிய சொல்லைத்தான் கண் புத்தகத்தில் எளிதாக அடையாளம் காணும்.

காஜாங்கைச் சுற்றியிருந்த பல தோட்டங்கள் இன்று வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. லயத்தை விட்டு வந்த குடும்பங்கள் எத்தனையோ பொருளை அங்கேயே விட்டுவிட்டு வந்தன. உரக்கப் படிப்பதும் கூடியிருந்து கேட்பதுமான பழக்கத்தை மட்டும் விட்டுவிட வேண்டாம். எழுத்துத் தெரியாத தாய்க்கும் கேட்கத் தெரியும். அதைக் கொண்டே இன்று மாலை தொடங்கலாம்.